நனைக்கக் கூடாத லுங்கி

கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி உக்காருங்கக்கா, ஈரம் உங்க சேலையில பட்டுடப் போவுது. நல்ல சேலையா கட்டியிருக்கீங்க. விசேஷ வீட்டுக்குங்களா? ஓ, சங்ககிரியில மக வீட்டுக்கா. நல்லதுங்க. நாங்க அவ்வளவு தூரம் வரலை. பைபாஸ்ல பெட்ரோல் பங்க் ஸ்டாப்புல இறங்கிக்குவோம்.

இதுங்களா? இது ஒண்ணுமில்லைங்க, சும்மா பழைய துணி. நனைஞ்சு போச்சு, அதான் ஜன்னல்ல பிடிச்சுட்டு வர்றேன். பஸ்ஸு போற வேகத்துக்கு அதுவே காஞ்சுடும். வெயிலும் இந்தப் பக்கம்தான் அடிக்குது.

அவகிட்ட பேர் கேக்காதீங்கக்கா, சொல்ல மாட்டா. சஷ்மிதா. எல்.கே.ஜி. படிக்கிறா. மத்த நாளா இருந்தா நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அவ பேரு, எம் பேரு, எங்க வீட்டு ஆட்டுக்குட்டி பேரு எல்லாத்தையும் சொல்லி முடிச்சிருப்பா. வாய் ஓயாத புள்ள. இன்னிக்குப் பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டினதுலேருந்து ஒரு வார்த்தை இல்லை. எம்மேல கோவமாம். அத்தனை பேருக்கு முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சது இவ, கோவம் மட்டும் இவளுக்கு! நியாயமாப் பாத்தா நான்தானே மூஞ்சியைத் திருப்பிக்கணும்? நீங்களே சொல்லுங்க.

முறுக்கு வேணுமா கண்ணு? பாத்தீங்களா. திரும்பிக்கூட பாக்கலை.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன் கேளுங்க. சொன்னாதான் எனக்கும் நெஞ்சு ஆறும். இவங்க பள்ளிக்கூடத்துல ஷோ அண்ட் டெல்னு ஒண்ணு வச்சாங்க. எங்க ஊர் பள்ளிக்கூடத்துல நான் படிக்கிறப்ப இதெல்லாம் ஏது? நாங்க வீட்டுலேருந்து எடுத்துட்டுப் போனது சத்துணவு வாங்கறதுக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். இவங்களுக்கு என்னன்னா, வீட்டுலேருந்து பிடிச்ச சாமான் ஒண்ணு கொண்டாரணும். அதை எல்லாருக்கும் காட்டி, அதைப்பத்தி இங்கிலீஷ்ல நாலு வரி சொல்லணும். அம்மா அப்பால்லாம் பின்னாடி சேர் போட்டு உக்காந்து பாக்கணும். ரெஜினா மிஸ்ஸு வாட்சப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. நல்ல மிஸ்ஸுங்க அவங்க, அவங்களை ஒரு குறை சொல்ல மாட்டேன்.

எங்க வீட்டுல காட்டுறதுக்குன்னு என்னங்க இருக்கு? ஆனா ஒண்ணு இருக்கு. தாஜ்மகால். சஷ்மி அப்பா லாரி ஓட்டுறார், நேஷனல் பர்மிட் வண்டி. ஆக்ராவுக்கு லோடு போனப்ப வாங்கியாந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெள்ளை வெளேர்னு இருக்கும், ஒயரை மாட்டினா நீலமும் சிவப்புமா மாறி மாறி லைட் எரியும். எங்க சந்துக்கு யார் புதுசா வந்தாலும் அதை ஒரு தரம் பாத்துட்டுத்தான் போவாங்க. அப்ப அதைத்தானே கொண்டு போகணும்? பக்கத்து வீட்டுல காலேஜ் படிக்கிற புள்ள இருக்குது, அதுதான் வரி சொல்லிக் குடுத்துச்சு. குட் மார்னிங் எவ்ரிபடி. திஸ் இஸ் தாஜ்மகால். இட் இஸ் வைட். மை பாதர் பாட் இட் ஃபார் மீ. தோசை ஊத்தறப்பவும் சொன்னோம், தலை சீவறப்பவும் சொன்னோம். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ராஜஸ்தான்ல எங்கயோ ஒரு தாபாவுல நின்னுட்டு அவங்கப்பா போன்ல கேட்டார், இவ கடகடன்னு ஒப்பிச்சா. ஸ்பீக்கர்ல போட்டு கூட இருந்த டிரைவருங்களுக்கெல்லாம் கேக்க வச்சிருக்கார். அந்தப் பக்கம் கை தட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்படிச் சொன்ன வாய்தானுங்க இது.

அவர் இன்னிக்கு இந்த வழியா வர்றார். நாசிக்குலேருந்து வெங்காய லோடு, கொச்சிக்குப் போகுது. வெங்காயம் பாருங்க, நிறுத்தி வச்சா புழுங்கிப் போயிடும், வீட்டுக்கெல்லாம் வர முடியாது. பைபாஸ்ல ஒரு டீ குடிக்கிற நேரம் நிப்பார். நாங்க போயி சோத்தைக் குடுத்துட்டு, மூஞ்சியைக் காட்டிட்டு, தோய்ச்ச துணியைக் குடுத்துட்டு வருவோம். எப்பவும் உள்ள பழக்கம்தான். இந்தக் கேரியர்ல நாட்டுக்கோழிக் கொழம்பு. மணக்குதுங்களா? இந்தப் பையில ரெண்டு லுங்கி, ரெண்டு பனியன், நல்லா வெயில்ல காஞ்சது. பள்ளிக்கூடம் முடிஞ்ச கையோட பஸ் ஏறிடலாம்னு எல்லாத்தையும் காலையிலயே எடுத்துட்டு வந்து வாட்ச்மேன் ரூம்ல வச்சிருந்தேன்.

லுங்கின்னதும்தான்... எங்க மாமியார் காலத்துலேருந்து ஒரு பழக்கம் இருக்குதுங்க. லாரிக்குக் கிளம்பற அன்னிக்கு அவர் அவுத்துப் போட்டுட்டுப் போற லுங்கியை, அவர் திரும்பி வந்து வாசப்படி மிதிக்கிற வரைக்கும் தண்ணியில நனைக்கக் கூடாது. சக்கரம் ரோட்டுல இருக்கிற வரைக்கும் அது காஞ்சே கிடக்கணுமாம். எங்க சந்துல பாதிக்கு மேல லாரிக்காரங்க வீடுதான். வெளியில வந்து பாத்தீங்கன்னா கொடி நிறைய தோய்ச்ச துணி பளிச்சுனு காயும். உள்ள போனீங்கன்னா ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ஆணியில ஒரு அழுக்கு லுங்கி தொங்கும்.

எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க. பிளஸ் டூ வரைக்கும் படிச்சவ நான். ஆனா நனைச்சதில்லை. எதுக்கு வம்புன்னுதான்.

இவளுக்கு அது இல்லாட்டித் தூக்கம் வராது. அப்பா போன அன்னிக்கு ராத்திரி அழுதா, ஆணியிலேருந்து எடுத்துக் குடுத்தேன், அப்படியே மூஞ்சியில வச்சுட்டுத் தூங்கிட்டா. அன்னையிலேருந்து அதுதான். டீசல் வாசனை, பீடி வாசனை, வேர்வை, அவர் தலைக்கு வைக்கிற தேங்காண்ணெய், எல்லாம் கலந்து ஒரு நாத்தம். நான் எவ்வளவு சுத்தம் பாக்கறவன்னு எங்க சந்துல கேட்டுப் பாருங்க. சோப்பு போடாம ஒரு கைக்குட்டை வீட்டுல இருக்காது. இந்த ஒண்ணு மட்டும்தான். இவ தூங்கினதும் கையிலேருந்து நழுவிடும், அப்ப எடுத்து நான் வச்சுக்குவேன். கீழ விழுந்து அழுக்காயிடக் கூடாதில்லைங்களா.

சிரிக்காதீங்கக்கா. அழுக்குத் துணின்னாலும் மேல மேல அழுக்காகலாமா?

சரி, பள்ளிக்கூடத்துக்கு வர்றேன். காலையில தாஜ்மகாலைப் பழைய துண்டுல சுத்திக் கட்டைப் பையில வச்சு வாசல்ல வச்சேன். கேரியர் கட்டறதுக்கு உள்ள போனேன். அந்த நேரத்துலதான் இந்த மகராசி வேலையைக் காட்டியிருக்கா. பையைத் தூக்கறப்பவே லேசா இருந்துச்சு. எனக்கு அது உறைக்கலை. ஒரு கையில கேரியரும் கட்டைப் பையும், ஒரு கையில இவ, தோள்ல துணிப் பை. என்னத்தைக் கண்டேன்?

கிளாஸ்ல போயி உக்காந்தா, ஒவ்வொரு புள்ளையும் ஒவ்வொண்ணு கொண்டாந்திருக்குது. ஒரு புள்ள சலங்கை கொண்டாந்து கட்டிட்டு ஆடுச்சு. ஒரு பையன் மிஷின் பொம்மை, பட்டனை அமுக்கினா அதுவா நடந்து போகுது. இன்னொரு பையன் அவங்க தாத்தாவையே கூட்டியாந்துட்டான். திஸ் இஸ் மை தாத்தான்னு கையைப் பிடிச்சு நடுவுல நிறுத்திட்டான். அந்தப் பெரியவர் பாவம், என்ன பண்றதுன்னு தெரியாம எல்லாருக்கும் கும்பிடு போட்டார். சிரிச்சு சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எனக்குப் பக்கத்துச் சேர்ல லக்‌ஷன் அம்மா. அவங்க வீட்டுக்காரர் பல் டாக்டர். அவங்க பையன் கண்ணாடித் தொட்டியில மீன் கொண்டாந்திருந்தான், ஆரஞ்சு கலர்ல ஒரே ஒரு மீனு. தொட்டி அங்கயே ஸ்டூல் மேல இருந்துச்சு.

“உங்க பொண்ணு என்னங்க கொண்டு வந்திருக்கா?”ன்னு கேட்டாங்க.

“பாருங்களேன், தெரியும்”னு சொன்னேன். பெருமையா சொன்னேன். பிளக் பாயிண்ட் எங்க இருக்குன்னு முன்னாடியே பாத்து வச்சிருந்தேன், லைட் எரிய வைக்க.

இவ பேரைக் கூப்பிட்டாங்க. போனா. பைக்குள்ள கையை விட்டா. வெளிய வந்துச்சு பாருங்க, லுங்கி! அந்த லுங்கி. துவைக்காத லுங்கி. கசங்கிப் போயி, ஓரத்துல கிரீஸ் கறையோட.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. தாஜ்மகால் எங்கடின்னு கண்ணாலயே கேட்டேன். இவ என்னைப் பாக்கவேயில்லை. அது எங்கன்னு அப்பறம் தெரிஞ்சுச்சு. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு போன் போட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாக்கச் சொன்னேன். பாயில, இவ தலகாணி மேல, போர்வையைப் போத்தித் தூங்க வச்சுட்டு வந்திருக்கா.

மிஸ்ஸு கேட்டாங்க, “வாவ் சஷ்மிதா, வாட் இஸ் திஸ்?” இவளுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்றதுன்னு தெரியலை. நாங்க தாஜ்மகாலுக்குத்தானே வரி படிச்சோம்? அப்பறம் அதை மூஞ்சியில வச்சு நல்லா ஒரு இழுப்பு இழுத்தா. இழுத்துட்டு முதல் வரிசையில இருந்த புள்ள மூக்குக்கிட்ட கொண்டு போயி, “மோந்து பாரு”ங்கறா. அந்தப் புள்ள “உவ்வே”ன்னுச்சு. அடுத்த புள்ளகிட்ட போறா, “நீ மோந்து பாரு.” அது மூக்கைப் பொத்திக்கிச்சு. கிளாஸே சிரிக்குது. ஒருத்தர் ரெண்டு பேரு கைக்குட்டையை எடுத்தாங்க. லக்‌ஷன் அம்மா என் பக்கம் குனிஞ்சு, கேலியா இல்லைங்க, நிசமாவே தெரியாமத்தான் கேட்டாங்க, “அது என்னங்க, மாப் துணியா?”ன்னு.

நான் சிரிச்சுட்டே எழுந்திரிச்சேன். “ஆமாங்க, தரை துடைக்கிற துணிங்க. அவசரத்துல பை மாறிப் போச்சு, சாரி மிஸ்”னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்.

வேற என்னங்க சொல்லச் சொல்றீங்க? அந்த நேரத்துக்கு வாயில வந்துச்சு. அப்படிப் பாத்தா அது பொய்யும் இல்லைங்க. எந்த லுங்கியும் ஒரு நாளைக்குத் தரை துடைக்கத்தானே போகுது? கிழிஞ்சா அதுக்குத்தானே எடுப்போம்? கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

இவ திரும்பி என்னைப் பாத்தா. மோந்து பாரு, மோந்து பாருன்னு நீட்டின கை அப்படியே நின்னுடுச்சு.

அதோட முடிஞ்சிருந்தா ஒண்ணுமில்லைங்க. நான் போயி பையில போட்டுக் கூட்டியாந்திருப்பேன். நான் சேரை நகர்த்திட்டு வர்றதுக்குள்ள, அந்த மிஷின் பொம்மை வச்சிருந்த பையன் ஓடி வந்து ஸ்டூல்ல இடிச்சுட்டான். தொட்டி கவுந்துடுச்சு. தண்ணி தரையெல்லாம். மீனு துள்ளுது. புள்ளைங்க கத்துது, லக்‌ஷன் அழுவுறான், அந்தத் தாத்தாதான் குனிஞ்சு மீனை அள்ளி ஒரு டம்ளர்ல போட்டார். மீனு பொழைச்சுக்கிச்சு. எல்லாரும் மீனையே பாத்துட்டு இருந்தாங்க.

ஆயாம்மா பக்கெட்டைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. துணியைக் காணோம்னு சுத்தியும் பாத்தாங்க. நான் சொன்னதைக் கேட்டிருக்காங்க போல. “இந்தா, துடைக்கிற துணிதான் இருக்குதே”ன்னு இவ கையிலேருந்து உருவிட்டாங்க.

உருவித் தண்ணியில போட்டுட்டாங்கக்கா.

வேண்டாங்கன்னு ஒரு வார்த்தை. அது தொண்டை வரைக்கும் வந்துச்சு, சாமி சத்தியமா வந்துச்சு. ஆனா எப்படிங்க சொல்றது? இப்பத்தானே தரை துடைக்கிற துணின்னு சொன்னேன்? தரை துடைக்கிற துணியை வச்சுத் தரையைத் துடைக்காதீங்கன்னா என்னை என்னன்னு நினைப்பாங்க? லக்‌ஷன் அம்மா வேற என்னையே பாத்துட்டு இருக்கறாங்க. “நல்லா துடைங்கம்மா, புள்ளைங்க வழுக்கி விழுந்துடப் போவுது”ன்னு சொன்னேன். நானே சொன்னேன்.

இவ ஓடிப்போயி அது மேலயே விழுந்துட்டா. ஆயாம்மா இவ விளையாடறான்னு நினைச்சாங்க. மிஸ்ஸு வந்து தூக்கி நிறுத்தி, பாவாடையை உதறி விட்டாங்க. அழுவான்னு பாத்தேன். அழலை. அழுதிருந்தாத் தேவலை. ஆயாம்மா பக்கெட்டுல முக்கி முக்கிப் பிழிஞ்சு துடைக்கறதைப் பாத்துட்டு நின்னா. பக்கெட்டுல பினாயில் வேற.

அப்பறம் எல்லாருக்கும் கேக்கும் ஜூஸும் குடுத்தாங்க. எல்லாரும் அந்தப் பக்கம் போனதும் நான் நைஸா வராண்டாவுக்குப் போயி ஆயாம்மாகிட்ட, “அந்தத் துணியைக் குடுங்கக்கா”ன்னு கேட்டேன். “இங்கயே இருக்கட்டும் கண்ணு, நல்லா உறிஞ்சுது”ங்கறாங்க. நல்லா உறிஞ்சுதாம். “இல்லைங்கக்கா, செட்டுத் துணி”ன்னு என்னமோ ஒளறி வாங்கிட்டு வந்தேன். செட்டுத் துணின்னா என்னன்னு எனக்கே தெரியலை.

மோந்து பாத்தேன். பினாயில். வேற ஒண்ணும் இல்லை. அந்தக் கிரீஸ் கறை மட்டும் அப்படியே இருக்குது. கறை போகலை, வாசனை போயிடுச்சு. பாருங்க அநியாயத்தை.

பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னு அவருக்கு போன் அடிச்சேன். எடுக்கலை. ஓட்டிட்டு இருக்கறப்ப எடுக்க மாட்டார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மறுபடி அடிச்சேன். எனக்கு நம்பிக்கை எல்லாம் கிடையாதுங்க, சும்மாதான். மறுபடியும் அடிச்சேன். இந்தப் பஸ் வர்ற வரைக்கும் அடிச்சுட்டே இருந்தேன். நீங்க ஏறினீங்களே, அப்பக்கூட போன் காதுலதான் இருந்துச்சு, கவனிச்சீங்களோ என்னமோ.

இருங்க, போன். அவர்தான். ஒரு நிமிஷம்.

ஹலோ! எங்க இருக்கறீங்க? ... ஒண்ணுமில்ல, சும்மாதான் அடிச்சேன். ... இல்லீங்க, சும்மாதான். வண்டி நல்லா இருக்குதில்ல? பிரேக்கெல்லாம்? ... கேக்கக் கூடாதா? கேட்டேன். ... டோல்கேட் தாண்டியாச்சா? நாங்களும் பக்கத்துல வந்துட்டோம். ... ஆங், கோழிக்கொழம்புதான். ... பாப்பாவா? பாப்பா... தூங்கறா. பஸ்ஸு காத்துல தூங்கிட்டா. ... ம். ... ம், காட்டினா. ... எல்லாரும் கை தட்டினாங்க. ... லைட்டா? எரிஞ்சுச்சு. சரி, வைங்க, சிக்னல் இல்ல.

வந்துட்டாராம். நல்லா இருக்காராம். அப்பாடா.

ஏன் அப்படிப் பாக்கறீங்கக்கா? இவளும் அப்படித்தான் பாக்கறா. முழிச்சுட்டு உக்காந்திருக்கற புள்ளையைத் தூங்கறான்னு சொல்லிட்டேன். தெரியுது. போன்ல எத்தனைன்னு சொல்றது? நேர்ல போனதும் சொல்லிக்குவேன். என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. மொதல்ல கேக்கறது இவகிட்டத்தான் கேப்பார். தூக்கி பானெட் மேல உக்கார வச்சுட்டு, என்னடா சொன்னேன்னு கேப்பார். இவ வாயைத் திறக்காம உக்காந்திருப்பா. அவரு திரும்பி என்னைப் பாப்பாரு. மாசக் கணக்குல கழிச்சு ஒரு டீ குடிக்கிற நேரம் பாக்க வர்ற மனுசனுக்கு நான் இதைத்தான் காட்டப் போறேன். ராத்திரி வேற இருக்குது. இவ எதை வச்சுட்டுத் தூங்குவா? தோய்ச்ச லுங்கி பையில ரெண்டு இருக்குது. அதுல என்ன இருக்கு, வெறும் சோப்பு.

அக்கா, நான் ஒண்ணை விட்டுட்டேன். லக்‌ஷன் அம்மா கேட்டதுனாலதான் அப்படிச் சொன்னேன்னு சொன்னேனில்ல. அவங்க கேட்டது நிசந்தான். ஆனா அவங்க கேட்டப்ப நான் எதுவும் சொல்லலை, சும்மா சிரிச்சேன். புள்ளைங்க சிரிச்சதுக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலை. லாரிக்காரன் பொண்டாட்டின்னு சொல்றதுக்கு எனக்கென்னங்க வெக்கம்? எங்க சந்துல எல்லாரும் அதுதான்.

மிஸ்ஸு இவ பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து, “தமிழ்லயே சொல்லுடா தங்கம்”னு சொன்னாங்க. இவ சொன்னா. “இது எங்கப்பா லுங்கி. அப்பா வர்ற வரைக்கும் தொவைக்க மாட்டோம். இதுலதான் எங்கப்பா இருக்கறாரு. நான் இதை வச்சுட்டுத்தான் தூங்குவேன்.” எவ்வளவு அழகா சொன்னா தெரியுங்களா? ஒரு வரி கூட நான் சொல்லிக் குடுக்கலை. சிரிச்சுட்டு இருந்த கிளாஸ் அமைதியாயிடுச்சு. அந்தத் தாத்தா தலையை ஆட்டி ஆட்டிக் கேக்கறார். அப்பறம் இவ, “எங்கம்மாவும் ராத்திரில...”ன்னு ஆரம்பிச்சா.

அப்பத்தாங்க நான் எழுந்திரிச்சேன்.

அவ்வளவு ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. அந்தத் தாத்தா இருக்கார். அவ அடுத்த வார்த்தை என்னன்னு எனக்குத் தெரியும். தூங்கறான்னு நினைச்சுத்தானே நான் எடுக்கறேன்? இந்தக் கழுதை தூங்கவே இல்லை போல. எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் படுத்திருந்திருக்கா. நான் எழுந்திரிச்சுச் சொல்லிட்டேன். அவ சொல்லிட்டு இருந்ததை மறிச்சு, அது அப்பா லுங்கி இல்லை, தரை துடைக்கிற துணின்னு சொல்லிட்டேன். மிஸ்ஸு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். மத்தவங்க, அட, புள்ளை கதை விடுதுன்னு மறுபடி சிரிச்சாங்க. எம் புள்ளையைப் பொய்க்காரி ஆக்கிட்டேன்.

இப்பக்கூட பாருங்க. ஏறி உக்காந்ததும் நீங்க கேட்டீங்க, என்ன துணின்னு. நான் என்ன சொன்னேன்? சும்மா பழைய துணின்னேன். நீங்க யாரோ, நான் யாரோ. உங்ககிட்ட எதுக்கு அப்படிச் சொன்னேன்? அப்பத்தான் இவ அந்தப் பக்கம் திரும்பினா.

என்னங்க கண்டக்டரண்ணா? என்னங்க? காத்துல சரியா கேக்கலை... பின் சீட்டு அண்ணன் மூஞ்சியில அடிக்குதுங்களா? அய்யோ, சாரிங்கண்ணா, கவனிக்கலை. இழுத்துக்கறேன். ... என்னதுங்க? என்ன துணின்னா?

தரை துடைக்கிற துணி இல்லைங்க. எங்க வீட்டுக்காரர் லுங்கிங்க! ஆமாங்க, எங்க வீட்டுக்காரர் லுங்கி! லாரியில போயிருக்காரு, அவரு கட்டிக்கிட்டு இருந்த லுங்கி! நனைக்கவே கூடாது, நனைஞ்சு போச்சு, அதான் காய வைக்கிறேன்! சிரிங்க, நல்லா சிரிங்க. டிரைவரண்ணனுக்கும் கேட்டுடுச்சு, கண்ணாடியில பாக்கறார். பாத்து ஓட்டுங்கண்ணா.

என்ன கண்ணு? என்ன சாமி? இந்த முனையை நீ பிடிச்சுக்கறியா? பிடிச்சுக்கோ. கெட்டியா பிடிச்சுக்கோ, கையை வெளிய நீட்டாம பிடிக்கணும். அப்படித்தான்.

அக்காகிட்ட சொல்லணுமா? சொல்லேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உம் பாட்டுக்குச் சொல்லு.

கேட்டுச்சுங்களாக்கா? “எங்கம்மாவும் ராத்திரில இதை மோந்து பாத்துட்டுத்தான் தூங்கும்”. எவ்வளவு சத்தமா சொல்றா பாருங்க. பின் சீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். மூஞ்சியை எங்க கொண்டு போயி வச்சுக்கறதுன்னே தெரியலை எனக்கு.

ஆமாங்க. அவ சொல்றது நிசந்தான். அழுக்காயிடக் கூடாதுன்னு எல்லாம் எடுக்கலை.

சரி, எழுந்திரு கண்ணு, நம்ம ஸ்டாப் வந்துடுச்சு. கேரியரை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்கக்கா. அந்தா நிக்கிறார் பாருங்க, டீக்கடை முன்னாடி, பச்சைக் கட்டம் போட்ட லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு. இளைச்சுப் போயிட்டார் இல்லைங்களா? நாசிக்குலேருந்து அதே லுங்கிதான் கட்டிட்டு வர்றார்னு இங்கிருந்தே தெரியுது. நல்லா அழுக்கா இருக்குது. சுத்தி எத்தனை டிரைவருங்க, கிளீனருங்க. அத்தனை பேரு நடுவுல நின்னு, கட்டியிருக்கறதை அவுத்துக் குடுங்கன்னு நான் இப்ப அவர்கிட்ட கேக்கணும்.

வர்றோங்கக்கா. பஸ்ஸு நகர்றப்ப தயவுசெஞ்சு பின்னாடி திரும்பிப் பாக்காதீங்க. கண்டக்டரண்ணா, நீங்களுந்தான்.